சாராவுக்கு என்ன ஆனது? ஒரு ஹாரர் படம், இரண்டு காயங்கள்

ஹாரர் படத்துக் கதாநாயகி என்றதும் நமக்குப் பழகிய உருவம் ஒன்று உண்டு. இருட்டில் தனியாகப் போவாள், திறக்கக் கூடாத கதவைத் திறப்பாள், அலறுவாள், ஓடுவாள், கடைசியில் அவள் ஒருத்தி மட்டும் தப்பிப்பாள். அவளுக்கு முன்கதை என்று பெரிதாக எதுவும் இருக்காது. பயம்தான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே உணர்ச்சி. ஆனால் இன்னொரு வகைக் கதாநாயகியும் இருக்கிறாள். படம் தொடங்கும்போதே நொறுங்கிப்போனவள். பேயோ பூதமோ வருவதற்கு முன்பே அவள் வீட்டில் சாவு விழுந்திருக்கும், நம்பிய யாரோ அவளை ஏமாற்றியும் இருப்பார்கள். துக்கமும் துரோகமும் சேர்ந்து அவள் மனதை என்ன செய்கின்றன என்பதுதான் அந்தப் படங்களின் உண்மையான கதை. பேய் அதற்கு ஒரு சாக்கு.

இதைப் புரிந்துகொள்ள பத்துப் படங்களைப் பட்டியல் போடுவதைவிட ஒரே படத்தை நெருங்கிப் பார்ப்பது உதவும். நான் எடுத்துக்கொள்வது ‘தி டிசென்ட்’. நீல் மார்ஷல் எழுதி இயக்கி 2005-ல் வெளிவந்த பிரிட்டிஷ் படம். குகைக்குள் மாட்டிக்கொண்ட ஆறு பெண்கள், அங்கே வாழும் மனிதரைத் தின்னும் உயிரினங்கள் என்று ஒரே வரியில் கதையைச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பாதிப் படத்தைத்தான் சொன்னதாகும். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே போட்டு உடைக்கப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் சில நிமிடங்கள்

சாரா, ஜூனோ, பெத் மூவரும் தோழிகள். ஸ்காட்லாந்தில் சீறிப்பாயும் ஆற்றில் ரப்பர் படகு விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். கரையில் சாராவின் கணவனும் சிறுமி ஜெசிகாவும் காத்திருக்கிறார்கள். அந்தக் கலகலப்புக்கு நடுவே கணவனும் ஜூனோவும் ஒரு கணம் பார்த்துக்கொள்ளும் விதம் அவ்வளவு சரியாக இல்லை. சாரா கவனிக்கவில்லை. பெத் கவனித்துவிடுகிறாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் கார் ஓட்டும் கணவனுக்கு நினைப்பு வேறெங்கோ இருக்கிறது. என்ன, ஒரு மாதிரி இருக்கிறாயே என்று சாரா கேட்கிறாள். ஒன்றுமில்லை என்கிறான். பேசி முடிப்பதற்குள் எதிரே வந்த வேன் மீது கார் மோதுகிறது. வேனின் மேல் கட்டியிருந்த குழாய்கள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாய்கின்றன. கணவன், மகள் இருவரும் போய்விடுகிறார்கள். சாரா மட்டும் மிஞ்சுகிறாள்.

மருத்துவமனையில் கண் விழிக்கும் சாரா உடம்பில் மாட்டியிருந்த ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மகளைத் தேடிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகின்றன. இருட்டு துரத்துகிறது, ஓடுகிறாள். பெத் வந்து கட்டிப் பிடித்ததும் பார்த்தால் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. சற்றுத் தள்ளி ஜூனோ நிற்கிறாள். அழுகிறாள். பக்கத்தில் வராமலே திரும்பிப் போய்விடுகிறாள்.

மொத்தப் படமும் இந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்கியிருக்கிறது. குகையின் இருட்டு வராந்தாவிலேயே தொடங்கிவிட்டது. சாராவின் கண்ணுக்குத் தெரிவதை முழுக்க நம்ப முடியாது என்றும் இங்கேயே சொல்லியாயிற்று. உயிர்த்தோழி ஏன் பக்கத்தில் வராமல் போனாள் என்ற கேள்வி மட்டும் விடை இல்லாமல் தொங்குகிறது. அந்த விடை சாராவுக்குக் கிடைக்கும் இடம்தான் படத்தின் முதுகெலும்பு.

‘ஒரு வருடம் கழித்து’

திரையில் இப்படி எழுத்து வருகிறது. இடம், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி. மர வீடு ஒன்றில் ஆறு தோழிகள் கூடுகிறார்கள். மறுநாள் குகைக்குள் இறங்கும் திட்டம், ஏற்பாடு ஜூனோ. சாராவைப் பழைய சாராவாக மீட்டெடுக்க வேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. வருடம் ஒன்றாகிவிட்டதே, இன்னுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அந்தத் தொனி அங்கே இருக்கிறது.

துக்கம் என்றாலே ஐந்து கட்டங்கள் என்று பலரும் ஒப்பிப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ரோஸ் 1969-ல் சொன்னது இது. ஆனால் அவர் பேசியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம். இழந்துவிட்டு மிஞ்சி இருப்பவர்களை வைத்து எழுந்த கருத்து அல்ல அது, பிறகு இவர்களுக்கும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஐந்து கட்டக் கணக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஐந்து காட்சி எழுதினால் வேலை முடிந்தது. நிஜத்தில் அப்படி யாரும் படி படியாக இறங்கிப் போவதில்லை.

1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்குட் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இழந்தவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்றார்கள். ஒரு பக்கம் இழப்பு: அழுகை, நினைவு, புகைப்படம். இன்னொரு பக்கம் பிழைப்பு: வங்கிக்குப் போவது, சமைப்பது, புதிதாக ஒன்றைக் கற்பது. காலையில் கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தவர் மதியம் இறந்துபோனவரின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே குன்றிப்போவார். இப்படிப் போய்வருவது நோய் இல்லை, மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி என்பது அவர்கள் கருத்து.

சாராவை இந்தக் கண்ணோடு பாருங்கள். மர வீட்டில் தோழிகளோடு குடிக்கிறாள், கிண்டலடிக்கிறாள், குகைக்கான சாமான்களைத் தயார் செய்கிறாள். பிழைப்பின் பக்கம். இரவில் சன்னலருகே நிற்கையில் கண்ணாடியைப் பிளந்துகொண்டு குழாய் பாய்வது போல ஒரு கனவு. இழப்பின் பக்கம். நடுவில் பாலம் எதுவும் கிடையாது, ஒரே நொடியில் அங்கிருந்து இங்கே வந்துவிடுகிறாள். ஹாரர் படத்துக்கு இது மிகவும் வசதி. திடீர் அதிர்ச்சி கொடுக்கும் காட்சிகளை மற்ற படங்கள் வெறும் தந்திரமாக வைக்கும். இங்கே அது அவள் மனது நிஜமாகவே வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போகிறது.

ஒரு வருடம் என்ற கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் தன் கையேட்டில் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்ற ஒன்றைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து குறைந்தது 12 மாதம் ஆன பிறகுதான் அந்தப் பெயரைச் சூட்டலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 6 மாதம். ஆக, சாராவுக்கு ‘இன்னும் சரியாகவில்லை’ என்று முகம் சுளிக்கும் யாரும், அந்த அமெரிக்கக் கையேட்டின்படி மருத்துவர்கள் அப்போதுதான் கேள்வி கேட்கவே ஆரம்பிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிரிப்புச் சத்தம்

குகைக்குள் சாராவுக்கு மகளின் சிரிப்பு கேட்கிறது. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி எரிய, ஜெசிகா எதிரே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. பார்க்கிற நாம் உடனே ‘இவளுக்குப் பைத்தியம் பிடிக்கிறது’ என்று முடிவு கட்டுகிறோம்.

அவ்வளவு அவசரம் வேண்டாம். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்த, பார்த்த, கேட்ட அனுபவம் இருந்தது. அவர்கள் அன்றாட வாழ்க்கையை நடத்திக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். பெரும்பாலோர் இதை யாரிடமும் சொன்னதே இல்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

சாராவுக்குக் கேட்கும் சிரிப்பும் தொடக்கத்தில் அந்த வகைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. குகையில் ஏதோ ஓர் உருவம் நகர்வதை முதலில் பார்த்தவள் சாரா. சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. பாவம், அவளுக்கு என்னென்னவோ தோன்றுகிறது என்று தள்ளிவிடுகிறார்கள். துக்கத்தில் இருப்பவள் பொய் சொல்கிறாள் என்று யாரும் நினைப்பதில்லை. அவள் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். சுற்றி இருப்பவர்கள் அவளிடம் காட்டும் பரிவே அவள் வாயை அடைக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் அந்த உயிரினங்கள் செய்வதைவிட இது குரூரமானது.

அந்த உயிரினங்கள் நன்றாகக் கண்ணில் படுவதே ஏறக்குறையப் பாதிப் படம் ஓடிய பிறகுதான். அதுவரை இருட்டும் இடுக்கும்தான் வில்லன்கள். குகை முழுவதும் பைன்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். பாத்திரங்கள் கையில் என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதுதான் திரையிலும் வெளிச்சம் என்று பெரும்பாலும் எடுத்திருக்கிறார்கள். ஹெல்மெட் விளக்கு, தீப்பந்தம், கேமராவின் பச்சை ஒளி. ஒவ்வொன்றாகப் போகப் போக நமக்கும் சாராவுக்கு மேல் எதுவும் தெரிவதில்லை. அந்த உயிரினங்களாக வேடம் போட்டவர்களை நடிகைகள் முதன்முதலில் எதிர்கொள்ளும் காட்சி வரை அவர்களுக்குக் காட்டாமலே மார்ஷல் வைத்திருந்தார். அலறலில் பாதி நடிப்பே இல்லை.

பெத் சொன்ன ஆறுதல்

படம் பார்த்தவர்கள் மறக்காத காட்சி. தவழ்ந்து போக மட்டும் இடமுள்ள ஒரு பொந்து. சாரா நடுவில் மாட்டிக்கொள்கிறாள். மூச்சு முட்டுகிறது, உடம்பு அசைய மறுக்கிறது. முன்னே போய்விட்ட பெத் திரும்பி ஊர்ந்து வந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசுகிறாள். உனக்கு நடக்கக் கூடியதிலேயே மோசமானது நடந்து முடிந்துவிட்டது, அதற்குப் பிறகும் நீ இருக்கிறாய், இது வெறும் குகை, இனி நீ பயப்பட என்ன இருக்கிறது என்ற பொருளில் சொல்கிறாள். சாரா மெல்ல நகர்கிறாள். வெளியே வந்ததும் பொந்து சரிந்து மூடிக்கொள்கிறது.

அழகான ஆறுதல். உண்மையும்கூட, பெத்துக்குத் தெரிந்த வரையில். துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொல்வது இதைத்தான்: இதற்கு மேல் என்ன நடந்துவிடப் போகிறது? ஆனால் சொல்கிற பெத்துக்குக் கரையில் பார்த்த அந்தப் பார்வை நினைவில் இருக்கிறது. சாராவுக்கு நடக்க வேண்டிய மோசமானது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது ஏற்கெனவே நடந்து முடிந்தும் விட்டது. சாராவின் காதுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

துரோகம் செய்வது வேறு வேலை

சாவு எதிர்காலத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஜெசிகா பள்ளிக்குப் போவதையும் வளர்வதையும் சாரா இனிப் பார்க்க முடியாது. ஆனால் கடந்த காலம் அவளிடமே இருக்கிறது. கணவன் சிரித்தது, மகளைத் தூக்கியது, சொன்ன வார்த்தைகள் எல்லாம் பத்திரம். துக்கத்தில் மனிதர் பற்றிக்கொள்வது அதைத்தான்.

துரோகம் அதையும் விட்டுவைப்பதில்லை. அன்று தாமதமாக வந்தானே, அது வேலையா? சிரித்துக்கொண்டே போனை வைத்தானே, யாரிடம் பேசினான்? நல்ல நினைவு ஒவ்வொன்றையும் எடுத்து மறுபடி விசாரிக்க வேண்டியதாகிறது. விசாரிக்கவும் முடியாது, ஆள் செத்துவிட்டான். உயிரோடிருக்கும் கணவன் ஏமாற்றினால் சண்டை போடலாம், வீட்டை விட்டுத் துரத்தலாம், மன்னிக்கக்கூடச் செய்யலாம். செத்த கணவன் ஏமாற்றியிருந்தால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு மேல், அவனுக்காக ஒரு வருடம் அழுத அழுகையும் முட்டாள்தனமாகத் தோன்றும். கோபம் முழுவதும் உயிரோடிருக்கும் அந்த இன்னொரு ஆளிடம்தான் போய்ச் சேரும்.

கணவனோடு ஜூனோவுக்கு இருந்த உறவு சாராவுக்குத் தெரிவதற்கு முன்பே ஜூனோ வேறு ஒரு துரோகம் செய்திருக்கிறாள். தோழிகளிடம் சொன்ன குகை ஒன்று, கூட்டி வந்த குகை இன்னொன்று. யாரும் இதுவரை இறங்கிப் பார்க்காதது என்று நினைத்து, பெயர் வாங்கும் ஆசையில் வழிகாட்டிப் புத்தகத்தைக்கூடக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பொந்து மூடிய பிறகுதான் ஒப்புக்கொள்கிறாள். மீட்புக் குழு வந்தாலும் வேறு குகையில்தான் தேடும். அந்த நிலையிலும் இந்தக் குகைக்குச் சாராவின் பெயரையே வைக்கலாம் என்று அவளிடம் சொல்கிறாள். ஜூனோவின் குணம் மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது: நேசிக்கிறாள், அந்த நேசத்தையே காரணமாக வைத்துக் கவிழ்க்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் சாரா ஜூனோவைப் பற்றி ஏன் ஆழமாகச் சந்தேகப்படவில்லை? ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் சொன்ன கருத்து இங்கே கைகொடுக்கிறது. யாரை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறதோ அவர் செய்யும் துரோகம் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும் என்றார் அவர். அதைப் பார்த்துவிட்டால் உறவை முறிக்க வேண்டும், முறித்தால் பிழைக்க முடியாது. அதனால் மனம் பார்க்காமலே இருந்துவிடுகிறது. அப்பாவை அண்டி வாழும் குழந்தை, கணவன் சம்பளத்தை நம்பியிருக்கும் மனைவி என்று அவர் யோசித்த சூழல்கள் வேறு. குகை அந்த நிலையை இன்னும் இறுக்கிக் காட்டுகிறது. அங்கே கயிறு கட்டுவது, வழி தேடுவது, முடிவெடுப்பது எல்லாம் ஜூனோ. அவளைச் சந்தேகிப்பது கயிற்றைச் சந்தேகிப்பது.

அதனால் படம் செய்யும் ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. உண்மை தெரிவதற்கு முன் சாராவை ஜூனோவிடமிருந்து பிரித்துவிடுகிறது. கூட்டம் சிதறுகிறது, சாரா தனியாக மாட்டிக்கொள்கிறாள், தோழிகளில் ஒருத்தியான ஹோலியை அந்த உயிரினங்கள் தின்பதை மூச்சுவிடாமல் பார்க்கிறாள், தானே வெளிச்சத்துக்கு வழி செய்துகொள்கிறாள். ஜூனோ இல்லாமலும் உயிரோடு இருக்க முடிகிறது என்று அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பார்க்காமல் இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அப்போதுதான் பெத்தைக் கண்டுபிடிக்கிறாள்.

பதக்கம்

பெத்தின் கழுத்தில் காயம். அந்த உயிரினங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஜூனோ, பின்னால் யாரோ வருவது தெரிந்து திரும்பி வீசிய கோடாலி அது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் விழும்போது பெத் நீட்டிய கையை விட்டுவிட்டு ஜூனோ பின்வாங்கிப் போனாள், அது வேண்டுமென்று செய்தது. விழுந்தபோது ஜூனோவின் கழுத்துச் சங்கிலி பெத்தின் கையோடு வந்துவிட்டது.

சாராவிடம் பெத் சொல்கிறாள்: ஜூனோதான் இதைச் செய்தாள், அவளை நம்பாதே. சாரா ஏற்க மறுக்கிறாள். பிறகு சங்கிலியைக் கொடுக்கிறாள். பதக்கத்தில் பொறித்திருப்பது சாராவின் கணவன் வழக்கமாகச் சொல்லும் வாசகம். அது யார் கொடுத்தது என்று விளக்க வேண்டியதே இல்லை.

சாராவாக வரும் ஷானா மெக்டொனால்ட் நடிப்பில் இந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள். அலறல் இல்லை. அழுகைகூடப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்கிறது. அடுத்து பெத் தன்னை இந்த வேதனையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று கெஞ்ச, சாரா கல்லை எடுத்து அவள் உயிரை முடித்து வைக்கிறாள். கணவன், மகள், பிறகு கணவனின் நினைவு, இப்போது கடைசித் தோழி. இதற்குப் பிறகு சாராவிடம் பயம் இல்லை. பொந்தில் பெத் சொன்னது ஒரு வழியாகப் பலித்துவிட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை. இது வீரம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயம் என்பது ஏதோ ஒன்றைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு இருப்பது. சாரா அந்தக் கணக்கை மூடிவிட்டாள்.

அடுத்து இரத்தம் தேங்கிய குட்டையில் விழுந்து, தலையை வெளியே எடுக்கும்போது அவள் ஆளே வேறு. நம் ஊர்க் கதைகளில் துரோகத்துக்கு ஆளான பெண் முதலில் செத்தாக வேண்டும், பிறகுதான் வந்து பழிவாங்க முடியும். பழையனூர் நீலி அப்படித்தான் வந்தாள். சாரா சாகாமலே அந்த இடத்துக்குப் போய்விடுகிறாள்.

ஜூனோவுக்கும் ஒரு சாவு விழுந்தது

முதல் தடவை பார்க்கும்போது ஜூனோ வில்லி. இரண்டாவது தடவை பார்த்தால் கொஞ்சம் தயக்கம் வரும். மருத்துவமனையில் அவள் ஏன் அழுதாள்? சாராவுக்காக மட்டுமா? அவளும் ஒருவனை இழந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொல்ல முடியாது. துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். செத்தவனின் மனைவிக்கு அவள் ஆறுதல் சொல்ல வேண்டும். அந்த விபத்தில் எல்லாருக்கும்தான் இழப்பு என்ற பொருளில் படத்தில் ஒரு வார்த்தை விடுகிறாள், கேட்கிறவர்களுக்கு அது சுயநலமாகப் படுகிறது.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களின் இறுதியில் இந்த வகைத் துக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். சமூகம் அங்கீகரிக்காத, உரிமை மறுக்கப்பட்ட துக்கம். கள்ள உறவில் இருந்தவர் இறந்துபோனால் மிஞ்சியவருக்கு நேர்வது இதற்கு நேரடி உதாரணம். அழ உரிமை இல்லாதவர்கள் அந்தத் துக்கத்தை வேறெங்காவது கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஜூனோ மலையிலும் குகையிலும் கொட்டினாள். சாராவோடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்று துடித்து, அதற்காகவே எல்லாரையும் சாகடிக்கும் இடத்துக்குக் கூட்டிவந்தாள்.

இது அவளை நியாயப்படுத்தாது. ஆனால் ஒரே மனிதனின் சாவு இரண்டு பெண்களை எப்படி இரண்டு விதமாகக் கோணலாக்கியது என்று பார்க்கும்போது படம் வேறு கனத்துக்குப் போய்விடுகிறது.

பழி

இறுதியில் இருவரும் சந்திக்கிறார்கள். பெத் என்ன ஆனாள் என்று சாரா கேட்கிறாள். இறந்துவிட்டாள் என்கிறாள் ஜூனோ. கண்ணால் பார்த்தாயா? ஜூனோ தலையாட்டுகிறாள்.

சாரா கொடுத்த கடைசி வாய்ப்பு அது. பதில் தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி. தெரியாமல் அடித்துவிட்டேன், பயந்து ஓடிவிட்டேன் என்று ஜூனோ சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது விவாதத்துக்கு உரியது. சொல்லவில்லை. இருவரும் தோளோடு தோள் நின்று உயிரினங்களை அடித்துக் கொல்கிறார்கள், அந்த ஒரு நிமிடம் பழைய தோழிகளைப் பார்த்த மாதிரியே இருக்கும். முடிந்ததும் சாரா பதக்கத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். ஜூனோவுக்கு எல்லாம் புரிகிறது. சாரா கோடாலியை அவள் காலில் இறக்கிவிட்டு, நெருங்கிவரும் சத்தங்களுக்கு நடுவே அவளை விட்டுவிட்டுப் போகிறாள். ஜூனோ பெத்துக்குச் செய்தது அப்படியே திரும்புகிறது.

இந்த இடத்தில் நம்மில் பலர் கை தட்டுவோம். கொஞ்சம் பொறுங்கள். பெத்தின் கழுத்தில் கோடாலி பட்டது விபத்து என்று நமக்குத் தெரியும், சாராவுக்குத் தெரியாது. சாவதற்கு முன் பெத் சொன்னதும் அவள் பார்வையில் உண்மை, முழு உண்மை இல்லை. துரோகம் மனதுக்குச் செய்யும் பெரிய கேடு இதுதான். ஒன்று நிரூபணமாகிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதே வரிசையில் அடுக்கிவிடுகிறோம். கணவனோடு உறவு வைத்திருந்தவள் தோழியைக் கொலையும் செய்வாள், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? சாரா கெட்டவளாகிவிட்டாளா என்று கேட்டால், என் பதில்: இல்லை, ஆனால் அவள் தீர்ப்புக்குப் போதிய சாட்சி அவளிடம் இல்லை. மார்ஷல் அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். அதை அடைக்கப் பார்க்கும் விமர்சனங்கள் எனக்கு ஒப்புவதில்லை.

டேனியோடு ஒரு சின்ன ஒப்பீடு

துக்கம், துரோகம் இரண்டும் சேர்ந்த கதாநாயகி என்றால் இப்போதைய ரசிகர்கள் 2019-ல் வந்த ஆரி ஆஸ்டரின் ‘மிட்சம்மர்’ படத்தைத்தான் சொல்வார்கள். ஃப்ளோரன்ஸ் பியூ நடித்த டேனி, பெற்றோரையும் சகோதரியையும் ஒரே இரவில் இழந்தவள். காதலன் கிறிஸ்டியன் அவளைக் கைவிடும் யோசனையில் இருந்தவன், இந்தச் சாவு நடந்ததால் வேறு வழியின்றிக் கூடவே இருக்கிறான். அவனுடைய துரோகம் ஒரே அடியாக விழுவதில்லை, சொட்டுச் சொட்டாக விழுகிறது. அவளுடைய பிறந்தநாளையே மறந்துவிடுகிறான்.

டேனி உடைந்து கதறும்போது ஸ்வீடன் கிராமத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அதே சுருதியில் கதறுகிறார்கள். முதன்முறையாக அவளுடைய துக்கத்தை யாரோ பங்கிட்டுக்கொள்கிறார்கள். கொலைகார மதக்குழு ஒன்று காதலனைவிட நன்றாகத் துக்கம் விசாரிக்கத் தெரிந்ததாக இருப்பதுதான் அந்தப் படத்தின் விஷம். சாராவுக்கு அந்தக் கூட்டம்கூட இல்லை. டேனி புதிய குடும்பத்துக்குள் விழுகிறாள், சாரா தன் தலைக்குள்ளேயே விழுகிறாள்.

இரண்டு முடிவுகள், ஒரு தொடர்ச்சி

பிரிட்டனில் 2005-ல் வெளியான பிரதியில் சாரா எலும்புக் குவியல் மேல் ஏறி வெளியே வருகிறாள், காரை எடுத்துக்கொண்டு பறக்கிறாள், ஓரமாக நிறுத்தி வாந்தி எடுக்கிறாள். திரும்பினால் பக்கத்து இருக்கையில் இரத்தம் வழிய ஜூனோ. அலறிக்கொண்டு விழித்தால் இன்னும் குகைக்குள்தான் கிடக்கிறாள். எதிரே ஜெசிகா, கேக், மெழுகுவர்த்தி. சாரா புன்னகைக்கிறாள். கேமரா பின்னால் போகப் போக, கேக் இருந்த இடத்தில் தீப்பந்தம்தான் இருக்கிறது, உயிரினங்களின் சத்தம் நெருங்குகிறது. 2006-ல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஜூனோ தெரியும் இடத்திலேயே படத்தை வெட்டிவிட்டார்கள். கடைசிப் பகுதி மிகவும் சோர்வாக இருக்கிறது என்பது காரணம்.

இரண்டும் சாராவின் மனதைப் பற்றி வேறு வேறு விஷயம் சொல்கின்றன. அமெரிக்க முடிவில் அவளைப் பின்தொடர்வது குற்றவுணர்ச்சி. துரோகம் செய்தவளைக் கொன்றவளுக்கும் தூக்கம் வராது. பிரிட்டிஷ் முடிவில் குற்றவுணர்ச்சியையும் தாண்டி அவள் போய்ச் சேர்வது மகளிடம். கணவனின் நினைவைத் துரோகம் கெடுத்துவிட்டது. மகளின் நினைவில் எந்தக் கறையும் இல்லை, மிஞ்சியது அது ஒன்றுதான், அதனால் அங்கேயே குடியேறிவிடுகிறாள். எனக்குப் பிரிட்டிஷ் முடிவே சரி. சாரா அழாமல் மகளைப் பார்ப்பது அங்கேதான்.

2009-ல் ஜான் ஹாரிஸ் இயக்கிய இரண்டாம் பாகம் சாரா தப்பி வந்துவிட்டாள் என்பதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அவளுக்கு நினைவு தப்பிவிட்டதாக வைத்து, ஷெரிஃபோடு மறுபடி குகைக்குள் இறக்கிவிட்டார்கள். ஜூனோவும் உயிரோடு இருக்கிறாள். கடைசியில் ஒரு பெண் காவலர் தப்பித்துத் தன் மகளிடம் போய்ச் சேரட்டும் என்று சாரா தன்னைப் பலி கொடுக்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விபத்து, பதக்கம், பெத் எதுவும் நினைவில் இல்லாமல் ஒருத்தி பாதிப் படம் நடந்து வந்தால் அவள் சாரா இல்லை, கத்திக்கொண்டே ஓடும் அந்தப் பழைய கதாநாயகிதான். முதல் பாகம் பிடித்தவர்கள் இதைத் தவிர்த்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.